குறி தவறிய குண்டுகள்

ரைஃபிளிலிருந்து ஒரு தடவைக்கு ஒரு குண்டு போகும். ஷாட்கனிலிருந்து ஒரு கூட்டமே போகும். நம் ஊர் வங்கி வாசலில் காவலாளியின் தோளில் தொங்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி இந்த இரண்டாவது வகை. அதன் குழலின் உட்புறம் வழவழப்பானது. குண்டைச் சுழலவைக்கும் திருகுவரிகள் அதில் கிடையாது. தோட்டாவுக்குள் அடியில் வெடிமருந்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணம் நிறையச் சின்னஞ்சிறு உலோக உருண்டைகள். இந்த உருண்டைகளை ரவை என்பார்கள். விசையை இழுத்ததும் ரவைகள் கிண்ணத்தோடு சேர்ந்து குழலைக் கடக்கும். வெளியே வந்ததும் கிண்ணம் பின்தங்கிவிடும், ரவைகள் பரவத் தொடங்கும். எவ்வளவு தூரம் வேகம் குறையாமல் போகும், தைத்தால் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது துப்பாக்கியைவிடத் தோட்டாதான்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை ஏறக்குறைய முடிந்துபோன கதை. அமெரிக்காவில் அப்படியில்லை. உரிமம், பருவம், ஒரு நாளைக்கு இத்தனை பறவைதான் என்ற வரம்பு எல்லாவற்றோடும் அது இன்றும் நடக்கிறது. ஒரே துப்பாக்கியை வைத்திருப்பவர் இலையுதிர்காலத் தொடக்கத்தில் புறா, குளிர் இறங்கியதும் வாத்து, பிறகு மான், வசந்தத்தில் வான்கோழி என்று போகிறார். துப்பாக்கி அதேதான், தோட்டாப் பெட்டி மட்டும் மாறுகிறது. அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிற இயற்பியல் அழகானது. அந்தத் தேர்வில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று இருந்தது. அது லட்சக்கணக்கான பறவைகளைக் கொன்றது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

முதலில் எண்கள். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை சரியாக அடைத்துக்கொள்ளும் குழல்தான் 12 கேஜ். நம் ஊரில் 12 போர் என்பார்கள். உட்புற விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டைகளாக வார்த்தால் ஒவ்வொன்றும் சிறிதாகும். ஆகவே 20 கேஜ் குழல் 15.6 மில்லிமீட்டர்தான். எண் கூடினால் குழல் குறுகும். ரவைக்கும் இதே தலைகீழ் முறைதான். அமெரிக்க அளவில், 17-இலிருந்து ரவையின் எண்ணைக் கழித்தால் அதன் விட்டம் அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். 6-ஆம் எண் ரவை 0.11 அங்குலம், அதாவது 2.8 மில்லிமீட்டர். 4-ஆம் எண் 3.3 மில்லிமீட்டர். 9-ஆம் எண் வெறும் 2 மில்லிமீட்டர். ஒன்றாம் எண்ணுக்கும் மேலே பெரிதானவற்றுக்கு பிபி, பிபிபி என எழுத்துகள். அதற்கும் மேலே மானுக்கான பக்ஷாட்.

இனி இயற்பியல். பறக்கும் உருண்டையைக் காற்று தடுக்கிறது. அந்தத் தடை உருண்டையின் முகப்பரப்பைப் பொறுத்தது. தடையை மீறி உருண்டையை முன்னே கொண்டுபோவது அதன் நிறை. விட்டத்தை இரட்டித்தால் முகப்பரப்பு 4 மடங்காகிறது. நிறையோ 8 மடங்காகிறது. பெரிய உருண்டைக்குத் தடை கூடினாலும் அதைத் தாங்கும் சக்தி அதைவிட வேகமாகக் கூடுகிறது. பொருளின் அடர்த்தி கூடினாலும் இதே பலன்தான். ஆக, ஓர் உருண்டை எவ்வளவு நன்றாக வேகத்தைக் காப்பாற்றும் என்பதை ஒரே பெருக்கலில் சொல்லிவிடலாம்: அடர்த்தி பெருக்கல் விட்டம். சதைக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதையும் பெரும்பாலும் இதே பெருக்கல்தான் முடிவு செய்கிறது. பின்னால் வரும் சச்சரவுகள் எல்லாம் இந்த ஒரு கணக்கில்தான் தொடங்குகின்றன.

6-ஆம் எண் ஈய ரவை ஒவ்வொன்றும் சுமார் 0.126 கிராம். ஓர் அவுன்ஸுக்கு, அதாவது 28 கிராமுக்கு, ஏறக்குறைய 225 ரவைகள். குழலை விட்டு விநாடிக்கு 370 மீட்டர் வேகத்தில் கிளம்பும் இந்த ரவை, 36 மீட்டர் போவதற்குள் கிட்டத்தட்டப் பாதி வேகத்தை இழந்துவிடும். வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகும். ஷாட்கன் கிட்டத்தில் பயங்கரமானதாகவும் சற்றுத் தள்ளிப் போனால் வலுவற்றதாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். தரமான தோட்டாவோடு அனுபவமுள்ளவர்கள்கூட 35, 40 மீட்டருக்கு மேல் பறவையைச் சுடத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் வேட்டையின் நாகரிகம் என்றே நினைக்கிறேன். தொலைவில் சுட்டால் பறவை சாகாது. காயத்தோடு பறந்துபோய் எங்கோ ஒரு நாணல் புதருக்குள் நாள்கணக்கில் வதைபடும்.

ஆழம் மட்டும் போதாது, எண்ணிக்கையும் வேண்டும். பறவையின் உடம்பில் நான்கைந்து ரவைகளாவது தைத்தால்தான் அவற்றில் ஒன்றாவது இதயம், நுரையீரல், மூளை, முதுகுத்தண்டு போன்ற உயிர்நிலையைத் தொடும். ஒரே எடைக்குள் ரவையைப் பெரிதாக்கினால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கையைக் கூட்டினால் ரவை சிறுத்து ஆழம் இறங்காது. இந்த இழுபறிக்குள்தான் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு நடுப்புள்ளியைத் தேடவேண்டும்.

பரவலைக் கட்டுப்படுத்த இன்னொரு வழி சோக். குழலின் வாய்ப்பகுதியில் வைக்கும் சிறு குறுகல் அது. அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் அளவிலான குறுகல்தான், பலனோ பெரிது. 40 கஜத் தொலைவில் 30 அங்குல வட்டம் ஒன்றை வரைந்து, அதற்குள் எத்தனை சதவீத ரவைகள் விழுகின்றன என்று எண்ணுவது மரபு. குறுகலே இல்லாத குழலில் சுமார் 40 சதவீதம் விழும். முழுச் சோக் போட்டால் 70. பெரிய தாளை நட்டுச் சுட்டு, துளைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பவர்கள் உண்டு. பெட்டிமேல் அச்சிட்டிருப்பதை நம்புவதைவிட அது எவ்வளவோ மேல். ஒரே சோக்கில் இரண்டு நிறுவனங்களின் தோட்டாக்கள் வெவ்வேறு விதமாகப் பரவும்.

இனி இரையைப் பார்க்கலாம். அமெரிக்காவில் அதிகம் வேட்டையாடப்படும் வலசைப் பறவை மோர்னிங் டவ் என்ற புறா. நம் மணிப்புறாவின் உறவு. எடை 120 கிராம் அளவு. மெல்லிய உடம்பு, ஆழம் இறங்கத் தேவையில்லை. ஆனால் அதிவேகமாக, திடீர் திடீரெனத் திசை மாற்றிப் பறக்கும் அந்தச் சிறிய உருவத்தின்மேல் நாலு ரவையாவது படவேண்டுமென்றால் கூட்டம் அடர்த்தியாக இருக்கவேண்டும். ஆகவே ஏழரை அல்லது 8-ஆம் எண். ஓர் அவுன்ஸில் 350-லிருந்து 400 ரவைகள். ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி இனத்துக்கு 5 அல்லது 6. அது பெரும்பாலும் வேட்டைக்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழும். பின்பக்கத்திலிருந்து உயிர்நிலைக்குப் போக ரவை நிறையச் சதையைக் கடக்கவேண்டும். கனடா வாத்து நாலு கிலோவுக்கும் மேல் இருக்கும், அடுக்கடுக்காக இறகு, அதன் கீழே தடித்த மார்புத்தசை. அதற்கு பிபி, பிபிபி. வான்கோழியின் கணக்கு தனி. பத்துக் கிலோ ஆணின் உடம்பில் சுடுவது பயனற்றது. தலையையும் கழுத்தையும்தான் குறிவைப்பார்கள். இலக்கு கைப்பிடி அளவு, அதே சமயம் எலும்பைத் துளைக்கவும் வேண்டும். எண்ணிக்கையும் ஆழமும் ஒருசேரத் தேவைப்படும் அரிய நிலை இது. இங்கேதான் புதிய உலோகம் ஒன்று அதிசயம் செய்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மானுக்குச் சிறு ரவை ஆகவே ஆகாது. இரட்டைச் சுழியம் எனப்படும் பக்ஷாட்டில் 8.4 மில்லிமீட்டர் குண்டுகள், தோட்டாவுக்குப் பெரும்பாலும் ஒன்பது. முன்பு சொன்ன வட்டத்துக்குள் ஆறேழுதான் விழும். அவையும் எங்கே விழும் என்று சொல்லமுடியாது. அடர்ந்த புதர்க்காட்டில் இருபது, இருபத்தைந்து மீட்டருக்குள்தான் அதை நம்பலாம். இந்தக் குறையைத் தீர்க்க வந்தது ஸ்லக் என்ற ஒற்றைக்குண்டு. ஜெர்மனியில் வில்ஹெல்ம் பிரெனெக்கே 1898-இலும், அமெரிக்காவில் கார்ல் ஃபாஸ்டர் 1931-இலும் தனித்தனி வடிவங்களை உருவாக்கினார்கள். வழவழப்பான குழலில் சுழற்சி கிடையாது. சுழலாத குண்டு காற்றில் புரளும். ஃபாஸ்டர் தம் குண்டின் பின்புறத்தைக் குடைந்து எடையையெல்லாம் முன்னால் வைத்தார். எப்படி அடித்தாலும் இறகுப்பந்து தலை முன்னாகத் திரும்பிக்கொள்கிறதே, அதேபோல இந்தக் குண்டும் நேராகவே பறக்கும். ஒஹாயோ, இல்லினாய் போன்ற தட்டையான, வீடுகள் நிறைந்த விவசாய மாநிலங்கள் நீண்ட காலம் மான் வேட்டைக்கு ரைஃபிளை அனுமதிக்காமல் ஷாட்கனையே வலியுறுத்தின. ரைஃபிள் குண்டு கிலோமீட்டர்கணக்கில் போகும். ஷாட்கனில் அவ்வளவு பயமில்லை. பிரெஞ்சு ராணுவ அதிகாரி ழூர்னே சொன்ன ஒரு விதிப்படி, அங்குலத்தில் ரவையின் விட்டத்தை 2200-ஆல் பெருக்கினால் அது அதிகபட்சம் எத்தனை கஜம் போகும் என்று கிடைக்கும். 8-ஆம் எண் ரவை 180 மீட்டரில் விழுந்துவிடும். பக்ஷாட் 660 மீட்டர் வரை போகும். புறா வேட்டைக்குப் போகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் போவது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் துரோகம்.

இத்தனை வகை ரவைக்கும் ஈயம் ஏன் அத்தனை பொருத்தமானது? அடர்த்தி 11.3, தண்ணீரைவிடப் பதினொரு மடங்கு. விலை மலிவு. 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மென்மையானது, குழலைக் கீறாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதை உருண்டையாக்குவது சுலபம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குழாய் வேலை செய்துவந்த வில்லியம் வாட்ஸ் 1782-இல் அதற்கொரு வழிக்குக் காப்புரிமை பெற்றார். உருகிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியே ஊற்றினார். விழும் துளி காற்றிலேயே தன் பரப்பிழுவிசையால் உருண்டு திரண்டு, இறுகத் தொடங்கி, கீழே தண்ணீரில் விழுந்து முற்றிலும் குளிர்ந்துவிடும். அச்சு வேண்டாம், தேய்க்க வேண்டாம். ஈயத்தோடு துளி ஆர்சனிக் சேர்த்தால் துளிகள் இன்னும் நன்றாகத் திரளும். இதற்காகத் தம் வீட்டுக்கு மேலேயே கோபுரம் கட்டி, கீழே குழியும் தோண்டினார். பிறகு உலகெங்கும் ரவைக் கோபுரங்கள் எழுந்தன. பால்டிமோரில் 1828-இல் கட்டிய செங்கல் கோபுரம் 71 மீட்டர் உயரம். துளி கீழே வர நான்கு விநாடி ஆகும். மெல்பர்னில் இன்று ஒரு வணிக வளாகத்தின் கூம்புக் கண்ணாடிக்கூரைக்குள் நிற்பதும் அப்படியொரு கோபுரம்தான். பரப்பிழுவிசையைத் தொழிற்சாலையாக மாற்றிய இந்த யோசனை பதினெட்டாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த பொறியியல் யோசனைகளில் ஒன்று. அதன் பயனாக ஈய ரவை மலிவாகவும் கணக்கில்லாமலும் பெருகியது.

இப்போது அந்த விடுபட்ட கணக்குக்கு வருவோம். 32 கிராம் 6-ஆம் எண் தோட்டாவில் 250 ரவைகள். வாத்து விழுந்தால்கூட அதன் உடம்பில் இருப்பது ஐந்தாறுதான். குறி தவறினால் அதுவும் இல்லை. மிச்சம் எல்லாம் நீர்நிலையில் விழுகிறது. ஒரே சதுப்பில், ஒரே மறைவிடத்திலிருந்து, தலைமுறை தலைமுறையாகச் சுடுகிறார்கள். ஈயம் மக்காது, கரைந்து மறைந்தும் போகாது. சேற்றின் மேல்மட்டத்தில் அப்படியே கிடக்கும்.

வாத்துக்குப் பல் இல்லை. அது விழுங்கும் தானியத்தை அரைப்பது அரைவைப்பை என்ற தடித்த தசைப்பை. அரைப்பதற்குக் கல் வேண்டும். அதற்காக வாத்து சேற்றைக் கிளறி, குறுமணலையும் சிறு கற்களையும் தேடி விழுங்கும். அளவிலும் வடிவிலும் ரவை அந்தக் கல்லுக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. உள்ளே போன ஈயத்தைத் தசை தேய்க்கிறது, அமிலம் கரைக்கிறது. ரத்தத்தில் ஏறிய ஈயம் ஹீமோகுளோபின் உருவாகத் தேவையான நொதி ஒன்றை முடக்குகிறது. நரம்புகள் செயலிழக்கின்றன. உணவுக்குழாயும் இரைப்பையும் அசைவற்றுப்போவதால் தின்ற தானியம் அங்கேயே தேங்கிவிடும். வயிறு நிறைய உணவை வைத்துக்கொண்டே பறவை பட்டினியால் மெலியும். மார்பெலும்பு கத்தி விளிம்பாகத் துருத்தி நிற்கும். இறக்கைகள் முதுகின்மேல் கூரைபோல் தொங்கும். எச்சம் பச்சையாகும். இரண்டு, மூன்று வாரங்களில் சாவு. தனித்தனியாக, புதர்களுக்குள் ஒளிந்துகொண்டு சாவதாலும், பிணத்தை நரியும் கழுகும் உடனே எடுத்துப்போய்விடுவதாலும், இந்த மரணங்கள் கண்ணில் படவே இல்லை. ஒரு சுடுதலில் விழுந்த பறவையை எல்லோரும் எண்ணினார்கள். அதே சுடுதல் பத்து ஆண்டுக்குப் பிறகு கொன்ற பறவையை யாரும் எண்ணவில்லை.

யாருக்குமே தெரியாது என்றும் சொல்லமுடியாது. வேட்டைக்காரரும் இயற்கையியலாளருமான ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் தம் ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ இதழில் 1894-இலேயே இதை எழுதிவிட்டார். யூட்டா மாநிலத்தின் பேர் ஆற்றுச் சதுப்பில் வாத்துகள் கொத்துக்கொத்தாகச் சாவதை ஆராய்ந்த அலெக்சாண்டர் வெட்மோர், 1919-இல் அமெரிக்க வேளாண்துறைக்காக எழுதிய அறிக்கையில் ஈய நஞ்சைத் தெளிவாக அடையாளம் காட்டினார். பிறகு இல்லினாயின் ஃபிராங்க் பெல்ரோஸ் பல ஆண்டுகள் இதிலேயே மூழ்கினார். வேட்டையாடப்பட்ட வாத்துகளின் அரைவைப்பைகளை 36 ஆயிரத்துக்கும் மேல் சேகரித்துச் சோதித்தார். உயிருள்ள மல்லார்டு வாத்துகளுக்கு ரவை ஊட்டி, காலில் வளையமிட்டு விடுவித்து, ஊட்டாதவற்றோடு ஒப்பிட்டார். 1959-இல் அவர் வந்தடைந்த முடிவு: வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் ஈய நஞ்சால் சாகின்றன. சதவீதம் சிறிதாகத் தோன்றலாம். பறவைகளின் மொத்தத் தொகையோடு பெருக்கிப் பார்த்தால் அது ஆண்டுதோறும் இருபது லட்சத்தை ஒட்டிய சாவு. சோளம் தின்னும் பறவைகள் இன்னும் எளிதில் பலியாகின்றன என்பதும் தெரிந்தது; அதே அளவு ஈயத்தை விழுங்கினாலும் பசுந்தழை தின்பவை ஓரளவு தாங்கின. ஊசிவால் வாத்து சேற்றைத் துழாவி மேய்வதால் அதற்கு ஆபத்து அதிகம். அதே இனம்தான் குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்கும் வருகிறது.

மாற்று என்ன? எஃகு ரவை. நச்சு கிடையாது, விழுங்கினாலும் தேய்ந்து துருவாகப் போய்விடும். உண்மையில் இது மென்மையாக்கிய இரும்புதான். சிக்கல் அடர்த்தியில். இரும்புக்கு 7.9. இங்கேதான் அந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கவேண்டும். 6-ஆம் எண் ஈய ரவையின் நிறையை இரும்பில் பெற விட்டத்தை 13 சதவீதம் கூட்டினால் போதும். ஏறக்குறைய ஓர் எண், ஒன்றரை எண் மேலே. ஆனால் அது வேகத்தைக் காப்பாற்றும் திறனையும் பெறவேண்டுமென்றால் 40 சதவீதத்துக்கும் மேல் கூட்டவேண்டும். அதாவது 6-ஆம் எண்ணிலிருந்து குறைந்தது 2-ஆம் எண் வரையாவது ஏறவேண்டும். அவ்வளவு ஏறினால் ஓர் அவுன்ஸில் 225 ரவை இருந்த இடத்தில் 125-தான் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ‘எஃகுக்கு இரண்டு எண் பெரிது’ என்ற வழக்கு பிறந்தது: 6-க்குப் பதில் 4. மீதிக் குறையை வேகத்தைக் கூட்டி ஈடுகட்டினார்கள். எஃகுத் தோட்டாக்கள் விநாடிக்கு 430, 450 மீட்டரில் கிளம்புவது அதனால்தான்.

1970-களின் நடுவில் சில ஈரநிலங்களில் எஃகைக் கட்டாயமாக்கியபோது எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ‘எஃகு காயப்படுத்தும், கொல்லாது’ என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டைப் பொய் என்று ஒதுக்கமாட்டேன். பழகிய எண்ணையே எஃகிலும் வாங்கி, பழகிய தொலைவிலேயே சுட்டவருக்கு உண்மையிலேயே பறவைகள் காயத்தோடு தப்பின. 6-ஆம் எண் எஃகு ரவையின் எடை 0.09 கிராம்தான், ஈயத்தோடு ஒப்பிட்டால் கால் பங்குக்கும் மேல் குறைவு. தொடக்கக்காலத் தோட்டாக்களும் தரமாக இல்லை. பழைய துப்பாக்கிகளின் மெல்லிய குழலைக் கடினமான எஃகு கீறிவிடும் என்ற பயமும் நியாயமானது. தடித்த பிளாஸ்டிக் கிண்ணம் வந்து அதைத் தீர்த்தது.

அதேசமயம் எஃகுக்கு யாரும் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. வெடிமருந்து அழுத்தும்போதும் சோக்கில் நெரியும்போதும் மென்மையான ஈய ரவைகள் தட்டையாகிவிடும். தட்டையானவை விலகிப் பறந்து வட்டத்துக்கு வெளியே விழும். எஃகு நசுங்குவதில்லை, உருண்டை உருண்டையாகவே போகும். அதனால் கூட்டம் இறுக்கமாக இருக்கும், எண்ணிக்கை குறைந்தது பெரிய இழப்பாகாது. முழுச் சோக்கைக் கழற்றிவிட்டு ஒரு படி தளர்ந்ததைப் போட்டாலே போதும். எண்ணை மாற்றி, சோக்கை மாற்றி, தொலைவைக் குறைத்துக்கொண்டவர்களிடம் எஃகு நன்றாகவே வேலை செய்தது.

விவாதத்தை முடித்துவைத்தது வாத்தல்ல, கழுகு. அமெரிக்காவின் தேசியச் சின்னமான வெண்தலைக் கழுகு, காயம்பட்ட வாத்துகளைத் தின்று ஈயத்தால் சாவது உறுதியானது. 1985-இல் நேஷனல் வைல்ட்லைஃப் ஃபெடரேஷன் நீதிமன்றம் போனது. அந்த அமைப்பின் வேர் வேட்டைக்காரர்களிடம் இருந்தது என்பதைச் சொல்லியாகவேண்டும். படிப்படியாகக் கட்டுப்பாடு விரிந்து, 1991-ஆம் ஆண்டின் வேட்டைப் பருவத்திலிருந்து நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் தடைசெய்யப்பட்டது. எந்த மாற்று உலோகமும் கூட்டரசின் மீன் மற்றும் வன உயிரினத் துறையிடம் நச்சற்றது என்று நிரூபித்தபிறகே சந்தைக்கு வரமுடியும். துத்தநாகம் வாத்துகளுக்கு நஞ்சு என்பதால் தேறவில்லை.

பலனை அளந்தார்கள். மிசிசிப்பி வலசைப் பாதையில் 1996, 1997 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான அரைவைப்பைகளைத் திறந்து பார்த்த ஆண்டர்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர், பறவைகள் இன்னும் ரவையை விழுங்கிக்கொண்டுதான் இருக்கின்றன என்று கண்டார்கள். ஆனால் விழுங்கியவற்றில் பெரும்பாலானவற்றில் இருந்தது நச்சற்ற ரவை. மல்லார்டுகளின் ஈயச் சாவு 64 சதவீதம் குறைந்திருக்கும் என்றும், 1997-இல் மட்டும் கண்டம் முழுவதும் சுமார் 14 லட்சம் வாத்துகள் பிழைத்திருக்கும் என்றும் கணித்தார்கள். தடை வந்து ஆறே ஆண்டுகள். பழைய ஈயம் சேற்றுக்குள் மெல்லப் புதைய, அதன்மேல் புதிய எஃகு விழுந்துகொண்டிருந்ததே காரணம். வன உயிரினப் பாதுகாப்பில் ஒரு பொருளை மாற்றியதற்கு இவ்வளவு விரைவாகப் பலன் கிடைத்தது அபூர்வம்.

எஃகு பிடிக்காதவர்களுக்குப் பிஸ்மத் வந்தது. அடர்த்தி 9.7 அளவு, மென்மையானது, பழைய துப்பாக்கிகளுக்கும் ஏற்றது. விலைதான் பல மடங்கு. அடுத்து டங்ஸ்டன். அதன் கலவை ஒன்றின் அடர்த்தி 18. வான்கோழிக்கு எண்ணிக்கையும் ஆழமும் ஒருசேர வேண்டும் என்றேனே, அங்கே பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள 9-ஆம் எண் டங்ஸ்டன் ரவைக்கு 18 பெருக்கல் 2, விடை 36. அதைவிட மிகப் பெரிதான 4-ஆம் எண் ஈய ரவைக்கு 11.3 பெருக்கல் 3.3, விடை ஏறக்குறைய அதேதான். முன்பு புறாவுக்கும் சிறியது என்று கருதப்பட்ட ரவை, வான்கோழியின் மண்டையைத் துளைக்கிறது. ஓர் அவுன்ஸில் ஈயமென்றால் 135, டங்ஸ்டனென்றால் 360. 20 கேஜ், அதைவிடச் சிறிய .410 துப்பாக்கிகள்கூட வான்கோழி வேட்டைக்கு உகந்தவையாயின. ஒவ்வொரு தோட்டாவும் பல டாலர். பருவத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டுமே சுடும் வான்கோழி வேட்டைக்காரருக்கு அது தாங்கும், புறா வேட்டைக்காரருக்குத் தாங்காது.

புறாவுக்கு ஈயத்தடை நாடு தழுவியதாக இல்லை. வலசைப் பறவையாக இருந்தும் கூட்டரசின் தடை நீர்ப்பறவைகளோடு நின்றுவிட்டது. புறாக்களும் தானியத்தோடு ரவையைப் பொறுக்கித் தின்கின்றன. அறுவடை செய்த சூரியகாந்தி வயல்களில் ஒரே நாளில் நிறையப் பேர் கூடிச் சுடுகிறார்கள். ‘இவ்வளவு சிறிய ரவையில் எஃகு உதவாது’ என்பதுதான் வழக்கமான பதில். டெக்ஸாஸில் அதைச் சோதித்தார்கள். ஏழரை எண் ஈயம், 7-ஆம் எண் எஃகு, 6-ஆம் எண் எஃகு என மூன்று வகைத் தோட்டாக்களை அடையாளம் தெரியாதபடி வேட்டைக்காரர்களிடம் கொடுத்தார்கள். கூடவே நின்று ஒவ்வொரு சுடுதலையும் குறித்துக்கொண்டார்கள். விழுந்த பறவை, காயத்தோடு தப்பிய பறவை, இரண்டிலும் மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தாம் சுடுவது ஈயமா எஃகா என்று சுட்டவர்களாலேயே சொல்லமுடியவில்லை. இதற்குப் பிறகும் புறா வயலில் ஈயத்தை வைத்திருக்க இயற்பியல் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. விலையும் பழக்கமும்தான் மிஞ்சுகின்றன.

மற்ற இடங்களில் நிலவரம் கலவையாக இருக்கிறது. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடைசெய்தது. அதற்குக் காரணம், 1982-இல் 22 பறவைகளாகச் சுருங்கிப்போன காண்டோர் என்ற பெரும் பிணந்தின்னி. அங்கே முக்கியக் குற்றவாளி ஷாட்கன் ரவையல்ல, மானின் உடலில் சிதறும் ரைஃபிள் குண்டின் துணுக்குகள். ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈய ரவையைத் தடுத்தது. டென்மார்க் 1996-லேயே ஈர நிலம், வறண்ட நிலம், காடு என்று பிரிக்காமல் எல்லா வேட்டைக்கும் ஈய ரவையை நிறுத்திவிட்டது. அங்கே எதிர்ப்பு வந்தது வேட்டைக்காரர்களிடமிருந்து மட்டுமல்ல, காட்டு உரிமையாளர்களிடமிருந்தும் வந்தது. மரத்தில் தைத்த எஃகு ரவை அறுவை ஆலையின் பற்களை உடைக்கும், விலை உயர்ந்த மரத்தைக் கறையாக்கும் என்றார்கள். அந்தக் காடுகளில் பிஸ்மத்தும் டங்ஸ்டனும் எஃகின் இடத்தை எடுத்துக்கொண்டன. அங்கே இன்று வேட்டைக்குப் போகிறவர் தோட்டாப் பெட்டியை எடுக்கும்போது பறவையின் எடையோடு, தாம் நிற்கப்போவது சதுப்பிலா, வயலிலா, மரங்களுக்கிடையிலா என்பதையும் பார்த்தே எடுக்கிறார்.